சுவரில் கருங்குழாய் தெரிந்தால் மருந்தடிக்காதீர்: கெலுலுட் தேனீக்களின் பிசின் கோட்டை

காஜாங்: வீட்டுச் சுவரின் விரிசலிலோ பழைய மரத்தின் பொந்திலோ கருநிறக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்து, அதன் வாயில் சிறு கரும்பூச்சிகள் மொய்த்தால், பூச்சிமருந்தை எடுத்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் கெலுலுட் கூடாக இருக்கும். தமிழில் கொசுத்தேனீ என்கிறோம். இவற்றுக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. சீண்டினால் முடியில் சிக்கும், மெல்லக் கடிக்கும், அவ்வளவுதான்.

உலகில் 500-க்கும் மேற்பட்ட கொடுக்கில்லாத் தேனீ இனங்கள் உள்ளன. மலேசியாவில் அதிகம் வளர்க்கப்படுவது ஹெட்டெரோடிரைகோனா இட்டாமா என்ற இனம்.

கூட்டுக்குள் வேலை வயதுப்படி பிரிகிறது. புதிதாக வெளிவந்த வேலைக்காரத் தேனீ முதலில் மெழுகு சுரந்து, முட்டை அறைகளைக் கட்டும். அறையில் உணவை நிரப்பியதும் ராணி அதன்மேல் ஒரு முட்டை இடும்; உடனே அறை மூடப்படும். சாதாரணத் தேனீயைப் போல் புழுவுக்கு நாள்தோறும் ஊட்டும் வழக்கம் இங்கில்லை. வயது ஏற ஏற அதே தேனீ குப்பை அகற்றும், வெளியிலிருந்து வரும் மதுவை வாங்கிச் சேமிக்கும், பிறகு வாசலில் காவல் நிற்கும். உணவு தேடி வெளியே பறப்பது கடைசிக் கட்டம். ஆபத்து மிகுந்த வேலை மூத்தவற்றுக்கே.

பிரேசிலின் ஜாட்டாய் இனத்தில் காவல் தேனீக்கள் பிறப்பிலேயே மற்றவற்றைவிடப் பெரியவை என்று 2012-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

வெளியே செல்லும் தேனீக்கள் எல்லாம் பூவைத் தேடிப் போவதில்லை. ஒரு பகுதி மரப்பிசினைப் பின்னங்காலில் உருட்டி ஒட்டிக்கொண்டு வருகின்றன. மெழுகுடன் பிசினைக் கலந்தே முட்டை அறைகள், தேன் குடங்கள், மகரந்தக் குடங்கள் அனைத்தும் கட்டப்படுகின்றன. வாசல் குழாயும் அந்தக் கலவைதான். சில இனங்கள் ஈரப் பிசினை வாசலில் பூசி எறும்பைத் தடுக்கும். ஆஸ்திரேலிய இனம் ஒன்று, கூட்டுக்குள் நுழையும் வண்டைப் பிசின், மெழுகு, மண் ஆகியவற்றால் மூடி உயிருடன் புதைத்துவிடுவது 2010-இல் பதிவானது. கிருமியை அடக்கும் தன்மையும் பிசினுக்கு உண்டு. வெப்பமும் ஈரமும் நிறைந்த கூட்டில் அது பெரும் பாதுகாப்பு.

ஆகவே பூ இருந்தால் மட்டும் போதாது. பிசின் தரும் மரமும் வேண்டும். காட்டில் மெராந்தி போன்ற மரங்கள் அதைத் தருகின்றன. தோட்டங்கள் தாமான்களாக மாறிய நம் வட்டாரத்தில், கொல்லையில் நிற்கும் மாவும் பலாவும் உதவும்.

கூட்டைக் கலைத்தால் என்ன ஆகும்? முட்டையிடத் தொடங்கிய ராணிக்கு வயிறு பருத்துவிடும்; அதனால் பறக்க இயலாது. தாய்க்கூடு வேறிடம் பறந்துபோய்ப் பிழைக்க முடியாது. புதுக்கூடு உருவாகும்போதுகூட இளம் ராணிதான் பறக்கும். வேலைக்காரத் தேனீக்கள் தாய்க்கூட்டிலிருந்தே மெழுகையும் பிசினையும் பல நாள் சுமந்து சென்று புதிய இடத்தைத் தயார் செய்யும். ஆகவே கூட்டில் மருந்தடிப்பதும் மரத்தை வெட்டி எறிவதும் குடும்பத்தையே அழிப்பதாகும்.

தேன் வாங்குவோர் கவனிக்க வேண்டியதும் உண்டு. கெலுலுட் தேன் புளிப்பாகவும் நீர்த்தும் இருப்பது இயல்பு. அதனாலேயே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். இதற்கெனத் தனி மலேசியத் தரம், எம்எஸ் 2683, 2017-இல் வந்தது. டிரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை இதில் இருப்பதை 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அது இரத்தத்தில் மெதுவாகவே கலக்கும். அதற்காக நீரிழிவுக்கு மருந்தாகக் கொள்ளக்கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் ஆகாது.

வீட்டில் கூடு இடைஞ்சலாக இருந்தால், கெலுலுட் வளர்ப்போரை அழைத்து மரப்பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். கொசு ஒழிப்புப் புகையடிக்கும் நாளில் பெட்டியின் வாசலை அதிகாலையிலேயே, தேனீக்கள் வெளியேறுமுன், மூடி வைத்துப் புகை அடங்கியதும் திறந்துவிடுங்கள். இடமிருந்தால் ஒரு மாங்கன்றை நடுங்கள்.