வியாபாரத்துக்குப் போர்க்களம் தரும் பாடங்கள்

வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரே கடையில் போட்டு, இரண்டு வருடத்துக்குள் ஷட்டரை இறக்கியவர்கள் நம் ஊர்களில் உண்டு. சில குடும்பங்களில் பெண்களின் நகையும் அதோடு சேர்ந்தே போயிருக்கும். இவர்களில் பலர் உழைப்பில் குறை வைத்தவர்கள் அல்லர். சறுக்கியது பெரும்பாலும் திட்டமிடுவதிலும் ஆட்களை நடத்துவதிலும்தான்.

கையில் இருக்கும் ஆட்களும் பொருளும் குறைவு, நாளை என்ன நடக்கும் என்று தெரியாது, முடிவையோ இன்றே எடுத்தாக வேண்டும். படைத் தளபதிக்கும் கடை முதலாளிக்கும் இந்த நிலை பொதுவானது. எனவே போர் வரலாற்றில் நமக்குப் பயன்படும் பாடங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

1. விற்பனை பெருகும்போது பின்பக்கத்தைக் கவனியுங்கள்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) நடந்த உஹதுப் போரை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் 50 வில்லாளிகளைச் சிறு குன்றின் மேல் நிறுத்தி, வெற்றியோ தோல்வியோ, உத்தரவு வரும்வரை அங்கிருந்து நகரக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். எதிரிகள் பின்வாங்கியதும் போர் முடிந்துவிட்டது என எண்ணி, வில்லாளிகளில் பெரும்பாலோர் கனீமத் பொருட்களைச் சேகரிக்க இறங்கிவிட்டனர். அப்போது குறைஷியர் தரப்பில் இருந்த காலித் பின் வலீத் குதிரைப்படையுடன் சுற்றி வந்து பின்புறமாகத் தாக்கினார். சுமார் 70 பேர் ஷஹீதானார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, காவல் தளர்ந்த நேரம். அது தோற்றுக்கொண்டிருந்த நேரம் அல்ல. வெற்றி கண்ணுக்குத் தெரிந்த நேரம். பெருநாள் வியாபாரத்தில் இதுதான் நடக்கிறது. கூட்டம் நெருக்கும்போது சரக்கு சரிபார்ப்பவர், கடன் நோட்டு எழுதுபவர், பில் சோதிப்பவர் எல்லோரும் கவுண்டருக்கு வந்துவிடுகிறார்கள். கல்லா நிறைந்தது போலத் தெரியும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இருப்பு இடிக்கும், யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம் என்ற கணக்கும் இருக்காது. எந்த நெருக்கடியிலும் இடம் மாற்றக் கூடாத ஆள் யார், வேலை எது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

2. திறந்திருக்கும் பக்கத்தை மட்டும் அடையுங்கள்

ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) சுமார் 10,000 பேர் கொண்ட கூட்டுப்படை மதீனாவை நோக்கி வந்தது. நகரைக் காக்க இருந்தவர்கள் சுமார் 3,000 பேர். அகழ் தோண்டலாம் என்ற யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி). அரபுகளுக்குப் பழக்கமில்லாத முறை அது, ஆனாலும் ஏற்கப்பட்டது. மற்ற பக்கங்களில் எரிமலைப் பாறை நிலமும் தோட்டங்களும் வீடுகளும் அரணாக இருந்ததால், திறந்து கிடந்த வடக்குப் பக்கத்தில்தான் அகழ் வெட்டினார்கள். நபி (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள்.

தெருமுனையில் சூப்பர் மார்க்கெட் வந்ததும் சிறிய மளிகைக்காரர் முதலில் செய்வது விலையைக் குறைப்பது. அது அவர்கள் பலமாக நிற்கும் இடம். தெரிந்த முகம், அரைக் கிலோவானாலும் வீட்டுக்கே அனுப்புவது, கேட்ட ரகத்தை மறுநாளே வரவழைப்பது என்று நமக்கு ஏற்கெனவே அரண்கள் உண்டு. உண்மையில் வாடிக்கையாளர் எதனால் போகிறார் என்று பார்த்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்யுங்கள். அதற்கான யோசனை புதிதாகச் சேர்ந்த பையனிடமிருந்தும் வரலாம்.

3. சரக்கு எட்டாத தூரத்துக்குப் படை போகக் கூடாது

1812 ஜூனில் நெப்போலியன் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட படையுடன் ரஷ்யாவுக்குள் நுழைந்தார். பனிதான் அவரைத் தோற்கடித்தது என்பார்கள். ஆனால் உணவும் தீவனமும் போதாமல், நோயும் பரவி, மாஸ்கோ போய்ச் சேரும் முன்பே, கோடைக் காலத்திலேயே, படை பெருமளவு கரைந்துவிட்டது. முதல் கடை லாபம் தருகிறது என்று கடன் வாங்கி இரண்டாவது, மூன்றாவது கிளை திறப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அட்வான்சும் அலங்காரமும் போக, புதுக் கிளையின் வாடகை, சம்பளம், கொள்முதல் ஆகியவற்றை ஆறு மாதமாவது தாங்கும் ரொக்கம் கையில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1990-91 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையின் சரக்கு, போக்குவரத்து ஏற்பாடுகளை நடத்திய தளபதி கஸ் பகோனிஸை, ஓய்வுக்குப் பின் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனம் தன் சரக்குப் பிரிவின் தலைவராக அமர்த்தியது. படைக்கும் கடைக்கும் வழங்கல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதும்.

4. தவறு நடந்தபின் நான்கு கேள்விகள்

அமெரிக்க ராணுவத்தில் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்து உட்கார்ந்து நான்கு கேள்விகள் கேட்பார்கள். என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? அடுத்த முறை என்ன செய்வோம்? பல நிறுவனங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. இதில் யார் குற்றவாளி என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உஹதுக்குப் பிறகும், மென்மையாக நடந்துகொள்ளவும், மன்னிக்கவும், காரியங்களில் அவர்களுடன் மஷூரா செய்யவுமே ஆலு இம்ரான் அத்தியாயம் வழிகாட்டுகிறது. ஊழியர் தவறு செய்தால் வாடிக்கையாளர் முன் சத்தம் போட்டால், அடுத்த தவறு மறைக்கப்படும். மாதம் ஒருமுறை கடை அடைத்தபின் அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து இந்த நான்கையும் பேசிப் பாருங்கள்.

எல்லை எது?

போர்ப் பாடத்தை முழுவதுமாகக் கடைக்குக் கொண்டுவர முடியாது. போரில் எதிரியைத் திசை திருப்புவது உத்தி. வியாபாரத்தில் மேலே நல்ல தானியம், அடியில் நனைந்தது என்று வைப்பது மோசடி. பக்கத்துக் கடைக்காரர் எதிரியும் அல்லர். நாளை சில்லறைக்கும் அவசரச் சரக்குக்கும் அவரிடம்தான் போவோம். தளபதியிடமிருந்து ஒழுங்கையும் முன்யோசனையையும் எடுத்துக்கொள்வோம். தராசின் நேர்மை வியாபாரிக்கே உரியது. அதை வேறு யாரிடமும் கற்க வேண்டியதில்லை.