தொண்டையைத் தொட்டுப் பாருங்கள்

புண்ணியத்துக்கு எதிரான பாவத்தையும் பரதநாட்டியக்காரர் முகத்தில் காட்டும் பாவத்தையும் ஒரே மாதிரி எழுதுகிறோமே, வாய்விட்டுச் சொன்னால் மட்டும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார்.

உதடு இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வேறுபாடு தொண்டையில். குரல்வளை மேல் விரலை வைத்து ‘ம்...’ என்று இழுங்கள், அதிரும். ‘ஸ்...’ என்று இழுத்தால் அதிராது. குரல் நாண்கள் நாதஸ்வரத்தின் சீவாளியைப் போல: இதழ்கள் நெருங்கியிருந்தால்தான் மூச்சுப் பட்டு நாதம் எழும், விலகிவிட்டால் வெறும் காற்றுதான். அதிர்வோடு வருவதை மொழியியலார் ஒலிப்புடை ஒலி என்பார்கள், மற்றதை ஒலிப்பிலா ஒலி. இந்தப் பின்னதன் பெயர் எனக்கு நிறைவாக இல்லை. ‘ஸ்’ அறை முழுக்கக் கேட்கிறதே! அதிர்விலா ஒலி என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

தமிழ் வல்லினம் இரண்டு விதமாகவும் ஒலிக்கும். கடல், பக்கம் என்பவற்றின் ககரத்தில் அதிர்வில்லை, தங்கத்தின் ககரத்தில் உண்டு. நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடுவதால் தனி எழுத்து வேண்டியிருக்கவில்லை. தொல்காப்பியரும் பிறப்பியலில் நாவும் அண்ணமும் சேரும் இடங்களை அவ்வளவு நுணுக்கமாகச் சொன்னவர், இந்த அதிர்வை வைத்து வல்லினத்தைப் பிரிக்கவில்லை. அதிரும் முதலெழுத்தோடு வடசொற்கள் வந்து கலந்த பிறகே ‘பாவம்’ இரண்டானது. இதைத் தமிழின் குறை என்று சொல்வது அறியாமை.

வடமொழியில் இந்த அதிர்வு மாறினால் சொல்லே மாறிவிடும். அதனால் வேதம் ஓதுவோர் தொண்டையைக் கூர்ந்து கவனித்தார்கள். என்னை வியக்க வைப்பது வேத உச்சரிப்பு இலக்கண நூலான தைத்திரீயப் பிராதிசாக்கியம். கண்டம் மூடினால் நாதம், திறந்தால் சுவாசம் என்று பிரித்ததோடு நிற்காமல், இரண்டுக்கும் நடுநிலையில் ஹகாரம் பிறக்கிறது என்கிறது அந்த நூல். வடமொழி ஹகாரத்தில் நாண்கள் சற்றே விலகியபடி அதிர்கின்றன என்றே இன்றைய ஒலியியலும் சொல்கிறது. கருவி எதுவும் இல்லாமல், தன் தொண்டையை உணர்ந்தே கண்டது இது! ஐரோப்பிய இலக்கணக்காரர்களோ கிரேக்கர் வழியில் இவ்வொலிகளை மெல்லியவை, இடைப்பட்டவை என்றே நெடுங்காலம் அழைத்து வந்தார்கள். பாட்டு ஆசிரியர் மானுவேல் கார்சியா சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் செலுத்தி, சூரிய ஒளியில் தம் குரல் நாண்களைப் பார்த்தது 1854இல்தான். வடமொழி அறிஞர் விட்னி அந்தப் பிராதிசாக்கியத்தை ஆங்கிலத்தில் தந்தது 1871இல்.

நம் வகுப்பறைகளில் வல்லினம், மெல்லினம், இடையினம் மனப்பாடத்தோடு முடிந்துவிடுகின்றன. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர்கள் அவர்கள் கையைத் தங்கள் தொண்டையில் வைத்து அதிர்வை உணரச் செய்கிறார்கள். ஆறாம் வகுப்புத் தமிழாசிரியரும் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம், ஐந்து நிமிடம் போதும்.