இனிப்பைக் கேட்பது வயிறா, நாக்கா?

மதியச் சோறு, மீன் குழம்பு, கீரைப் பிரட்டல் என வயிறு நிறையச் சாப்பிட்டாகிவிட்டது. இன்னொரு பிடி சோறு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறோம். அதே நேரத்தில் யாராவது ஒரு துண்டு கேசரியை நீட்டினால் கை தானாக நீள்கிறது. சோற்றுக்கு இடமில்லாத வயிற்றில் கேசரிக்கு மட்டும் எப்படி இடம் வந்தது?

நம் மாநிலத்தில் இது விளையாட்டுக் கேள்வி அன்று. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால் நெகிரி செம்பிலானே முதலிடம்: 33.2 விழுக்காடு. அதாவது பெரியவர்களில் மூவரில் ஒருவர். இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களில் ‘இனிப்பு நீர்’ இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதனால் பல வீடுகளில் இப்போது சோற்றைக் குறைத்து, முட்டை, மீன், காய்கறிகளைக் கூட்டிச் சாப்பிடத் தொடங்கியுள்ளனர். இதை மாவுச்சத்து குறைந்த உணவுமுறை என்கிறோம். இதைக் கடைப்பிடிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: “சோற்றை விட்டுவிட்டேன். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் ஏதாவது இனிப்பு வேண்டும்போல் இருக்கிறதே!”

உடலில் சீனி தீர்ந்துவிட்டதா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் செரித்துக் குளுக்கோஸ் ஆகின்றன. உடனே தேவைப்படாத குளுக்கோஸைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேமிக்கின்றன. ஒரு பெரியவரின் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும், தசைகளில் ஏறக்குறைய 400 கிராமும் இருக்கும்.

சோற்றைக் குறைத்தால் கல்லீரல் தன் சேமிப்பை உடைத்துக் குளுக்கோஸை இரத்தத்துக்கு அனுப்புகிறது. அது குறையும்போது புரதத்தின் அமினோ அமிலங்களிலிருந்தும், கொழுப்பிலிருந்து கிடைக்கும் கிளிசராலிலிருந்தும் புதிதாகவே குளுக்கோஸ் தயாரிக்கிறது. ஆகவே உடல்நலமுள்ள ஒருவர் ஒரு வேளை சோற்றைக் குறைத்ததால் இரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துபோவதில்லை. முதல் சில நாள்களில் சிலருக்குச் சோர்வும் தலைவலியும் வருவதுண்டு. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் நீரும் சேர்ந்திருப்பதால், அது கரையும்போது நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்திலேயே எடை மளமளவென்று குறைவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இனிப்பு ஆசை எப்போது வருகிறது? சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு வருகிறது. அப்போது உண்ட உணவு இன்னும் செரித்து முடிந்திருக்காது. அப்படியானால் இனிப்பைக் கேட்பது வெறும் வயிறு அல்ல.

சலித்துப் போகும் நாக்கு

1981இல் பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவருக்கு ஒரே உணவை வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, பல உணவுகளை அவர் எவ்வளவு விரும்புகிறார் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். உண்ட உணவின் மதிப்பெண் நன்றாகச் சரிந்தது. உண்ணாத உணவுகளின் மதிப்பெண் அவ்வளவாகக் குறையவில்லை.

இதைப் ‘புலன்சார் நிறைவு’ என்று சொல்லலாம். நிறைவு வயிற்றுக்கு மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு சுவைக்கும் தனித்தனியாக வருகிறது. உப்பும் காரமும் புளிப்பும் போதும் என்றான பிறகும், இன்னும் தொடப்படாத இனிப்பின் கதவு திறந்தே இருக்கிறது. பலவகை உணவுகளை உண்டால்தான் பலவகைச் சத்துகள் கிடைக்கும் என்பதால், இப்பண்பு நம் முன்னோர்களுக்கு உதவியிருக்க வேண்டும்.

இதை நீங்களே சோதிக்கலாம். மதிய உணவுக்கு முன் சோறு, குழம்பு, வாழைப்பழம் மூன்றுக்கும் உங்கள் விருப்பத்தை 10க்கு இத்தனை என்று எழுதுங்கள். சாப்பிட்டு முடித்ததும் மீண்டும் எழுதுங்கள். எந்த எண் அதிகம் இறங்கியது, எது குறைவாக இறங்கியது என்று ஒப்பிடுங்கள். வீட்டிலுள்ள நால்வரிடமும் எண்களை வாங்கினால் ஒரு நல்ல அட்டவணையே கிடைத்துவிடும்.

இனிப்பை அணைக்கும் இலை

இனிப்பு என்பது சீனியில் இருக்கிறதா, நாக்கில் இருக்கிறதா? இதற்கு விடை சொல்லும் செடி ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அதன் பெயர் சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். இதன் இலையை நன்றாக மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். இனிப்பே தெரியாது. உப்பும் புளிப்பும் வழக்கம்போல் தெரியும்.

இந்த இலையை மென்ற பிறகு தேநீரில் போட்ட சீனி தெரியவில்லை என்ற செய்தியை எட்ஜ்வொர்த் என்பவர் 1847இல் இலண்டன் லின்னேயன் கழகத்துக்குத் தெரிவித்தார். பின்னர் 1887இல், உதகமண்டலத்தில் அரசாங்க வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர், இலையில் இவ்வேலையைச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டார்.

இது எப்படி வேலை செய்கிறது? நம் சுவை அரும்புகளில் இனிப்பை உணரும் ஏற்பி ஒன்று உள்ளது. அது டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் இணைந்தது. ஜிம்னீமிக் அமிலம் டி1ஆர்3 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஏற்பியை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. சீனி வாயில் இருக்கிறது; மூளைக்குச் செய்தி போகவில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அமிலம் விலகியதும் இனிப்பு திரும்பிவிடும்.

செய்தி நின்றால் ஆசையும் குறையுமா? 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த அமிலம் கலந்த வில்லையைச் சப்பியவர்கள், போலி வில்லையைச் சப்பியவர்களைவிடக் குறைவாகவே மிட்டாய் உண்டனர். ஆக, இனிப்பு ஆசையில் ஒரு பங்கு நாக்கு அனுப்பும் செய்திக்கு உரியது.

பழக்கத்தின் பங்கு

இன்னொரு பங்கு பழக்கத்தினுடையது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன நம் தாத்தா பாட்டிகள் டின் பால் கலந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பல மணி நேரம் ஏறி இறங்கி நடந்தார்கள். குடித்த சீனியைத் தசைகள் எரித்தன. இன்று நடை குறைந்துவிட்டது. தேத்தண்ணி மட்டும் அப்படியே இருக்கிறது. டின் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான் என்பதை நினைவில் வையுங்கள். நாள்தோறும் சாப்பாடு முடிந்ததும் இனிப்பு வந்தால், தட்டைக் கழுவும் ஓசையே மூளைக்கு மணியடிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

பழகிய நாக்கை மாற்ற முடியுமா? அமெரிக்காவின் மொனெல் ஆய்வு மையத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவினர் மூன்று மாதம் சீனியை வெகுவாகக் குறைத்தனர். மூன்றாம் மாதம் அவர்களுக்கு அதே இனிப்புக் களி முன்பைவிட அதிகமாக இனித்தது. ஆனால் இனிப்பின்மீது அவர்களுக்கு இருந்த விருப்பம் மாறவில்லை. இஷ்டம்போல் உண்ணலாம் என்றதும் பழைய அளவுக்கே திரும்பினர். நாக்கு மாறும், பழக்கத்தைத்தான் தொடர்ந்து காக்க வேண்டும்.

சீனி இல்லாமல் நாக்கை நிறைவு செய்ய

நாக்கு கேட்பது புதுச் சுவை என்றால், சீனி இல்லாத புதுச் சுவையைக் கொடுக்கலாம். பட்டைத்தூள் தூவிய சீனியில்லாத் தயிர், சில தேங்காய்த் துண்டுகள், கையளவு கச்சான், பாதி கொய்யா ஆகியவை நல்ல முடிவுகள். வாசனையும் உதவும். இனிப்போடு பழகிய வாசனைகள் உணவை இன்னும் இனிப்பாகக் காட்டும். பாண்டான் இலையோ ஏலக்காயோ போட்ட தே ஓ கொசோங் இதற்கு ஏற்றது.

சாப்பிட்டதும் பல் துலக்குவது இன்னோர் எளிய வழி. பற்பசையில் உள்ள நுரைக்கும் பொருள் இனிப்பைச் சற்று நேரம் மங்கச் செய்கிறது. பல் துலக்கிய பின் ஆரஞ்சுச் சாறு கசப்பது இதனால்தான். போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போக நேரம் எடுப்பதால், 20 நிமிடம் பொறுத்துப் பார்ப்பதும் பலன் தரும்.

தேன், கூலா மெலாக்கா, பனை வெல்லம் ஆகியவை சீனிக்கு மாற்று அல்ல; அவையும் சீனியே. செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

உடலே இனிப்பைக் கேட்கும் நேரம்

மாணவர்களே, வளரும் வயதில் நீங்களாகச் சோற்றை அடியோடு நிறுத்தாதீர்கள். சிறுகுறிஞ்சான் பொடியை மருந்துக்குப் பதிலாக வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்களும், இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை உண்பவர்களும் கிளினிக்கில் சொல்லாமல் சோற்றைத் திடீரெனக் குறைப்பது ஆபத்து. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் இரத்தக் குளுக்கோஸ் 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடலாம்.

அப்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை வரும். இது நாக்கின் ஆசை அன்று, உடலின் தேவை. உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மீண்டும் கொடுங்கள். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். ‘சீனி இல்லை’ என்று எழுதிய பானமும் செயற்கை இனிப்பூட்டியும் இந்த நேரத்தில் உதவா. அவை நாக்கை ஏமாற்றும். இரத்தத்துக்குக் குளுக்கோஸ் தராது.

உங்கள் வீட்டில் இன்சுலின் போடுபவர் யார், சீனி டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.