பிரஷ் இல்லாத மோட்டாரும் ஆறு எல்.இ.டி.யும்

ஒன்பதாம் வகுப்பில் மின்மோட்டார் பாடம். பிளவு வளையமும் தூரிகைகளும் மின்னோட்டத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் சுருள் தொடர்ந்து சுழல்கிறது என்று சொல்லி முடித்தேன். "எங்க வீட்டு பி.எல்.டி.சி. ஃபேன்ல பிரஷ்ஷே கிடையாதாம் சார். அப்புறம் எப்படிச் சுத்துது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அறிவியல் கண்காட்சிக்கு அதையே செய்து காட்டுவது என்று முடிவானது.

பிரஷ் செய்த வேலையை இங்கே ஆறு மின்னணுச் சாவிகள் செய்கின்றன. நிலையான பகுதியில் மூன்று சுருள் தொகுதிகள். சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்கள். காந்தம் எங்கே நிற்கிறது என்பதை மூன்று ஹால் உணரிகள் 0, 1 என்று தெரிவிக்கும். அதைப் படித்து, மோட்டாரின் மூன்று கம்பிகளில் எதை பேட்டரியின் நேர்முனையோடும் எதை எதிர்முனையோடும் இணைப்பது என்று ஆர்டுயினோ பலகை முடிவு செய்யும். ஒவ்வொரு கம்பிக்கும் மேல் சாவி ஒன்று, கீழ் சாவி ஒன்று. ஆக ஆறு மாஸ்ஃபெட்கள். ஒரே கம்பியின் இரு சாவிகளும் ஒரே நேரத்தில் இயங்கிவிட்டால் பேட்டரி நேரடியாகக் குறுக்குச் சுற்றாகிவிடும்.

பழைய இரும்புக் கடையில் மின்மிதிவண்டியின் சக்கர மோட்டார் ஒன்று கிடைத்தது. யு.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்த 12 வோல்ட் பேட்டரியை இணைத்துச் சக்கரத்தைக் கையால் தள்ளினோம். ஒரு குலுக்கல், பிறகு புகை. இரண்டு மாஸ்ஃபெட்கள் போயின. மாற்றினோம். மறுநாளும் அதே இரண்டு போயின. அந்த இடத்தில் பற்றவைத்தவள் கேள்வி கேட்ட அதே மாணவி. "ஈயம் ஒழுகி ஒட்டியிருக்கும், கவனமா செய்யக் கூடாதா?" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவள் பலகையை என்னிடம் நீட்டி, "எங்க ஒட்டியிருக்குன்னு காட்டுங்க சார்" என்றாள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தேன். எங்கும் ஒட்டவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். முதலில் ஹால் உணரிகள். இவற்றின் வெளியீடு தானாக 5 வோல்ட்டுக்கு உயராது. மேலிழுக்கும் மின்தடை தேவை. ஆர்டுயினோவுக்குள் இருப்பதே போதும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் ஆறு குறியீடுகள் வரிசையாக வர வேண்டும். இந்த வகை மோட்டாரில் 000, 111 இரண்டும் வரவே கூடாது. வந்தால் ஏதோ ஓர் உணரியோ அதன் கம்பியோ பழுது. எங்களுடையது சரியாகவே வந்தது. சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் அந்த ஆறும் 23 தடவை திரும்பின. உள்ளே 23 காந்த முனை இணைகள் என்று பிரிக்காமலே தெரிந்துகொண்டோம்.

அடுத்து, மாஸ்ஃபெட்களை விட்டுவிட்டு, ஆர்டுயினோவின் ஆறு வெளியீடுகளிலும் 330 ஓம் மின்தடையோடு ஆறு எல்.இ.டி.க்களை இணைத்தோம். மேல் வரிசை மூன்று, கீழ் வரிசை மூன்று. சக்கரம் எந்த நிலையில் இருந்தாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று எரிய வேண்டும். ஒன்றின் நேர்கீழே மற்றொன்று எரியக் கூடாது. ஐந்து நிலைகள் சரி. ஆறாவதில் நடு எல்.இ.டி.க்கள் இரண்டும் நேருக்கு நேர் எரிந்தன. மாணவிதான் முதலில் பார்த்தாள். நிரலின் அட்டவணையில் ஒரு வரியைத் தப்பாகத் தட்டியிருந்தேன். அந்த அட்டவணையைத் தட்டச்சு செய்தவன் நான். அங்கேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லார் முன்னாலும்.

திருத்திய பிறகு, பேட்டரிக்கும் மாஸ்ஃபெட் சுற்றுக்கும் நடுவே தொடராக 12 வோல்ட், 21 வாட் வண்டி பல்பு ஒன்றைப் போட்டோம். எலக்ட்ரீஷியன்களின் சீரிஸ் பல்பு இதுதான். குறுக்குச் சுற்று நேர்ந்தாலும் சுமார் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது. பல்பு முழுப் பிரகாசமாக எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். முதல் நாளே இதைச் செய்திருந்தால் நான்கு மாஸ்ஃபெட்கள் மிஞ்சியிருக்கும்.

மோட்டார் இப்போதும் நடுங்கியே நின்றது. இது வேறு சிக்கல். மூன்று தடித்த கம்பிகளை ஆறு விதமாக இணைக்கலாம். ஹால் உணரிகளோடு பொருந்துவது ஒன்றே ஒன்று. மூன்று விதங்களில் நடுங்கி நின்றுவிடும். இரண்டில் எதிர்த்திசையில் பலமில்லாமல் சுழலும், பல்பு பளிச்சென்று எரியும். சுற்றுகிறதே என்று அங்கே நிறுத்திவிட்டால் மாஸ்ஃபெட் சூடேறிப் போகும். நான்காவது முயற்சியில் சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. பல்பில் மங்கலான சிவப்பு மட்டும்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று. ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என் போன்ற மாஸ்ஃபெட்டின் கேட் முனைக்கு 10 வோல்ட் அளவில் கிடைத்தால்தான் அது முழுதாக இயங்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் பாதி இயங்கிக் கொதிக்கும். கேட் டிரைவர் சில்லு அவசியம். பேட்டரிக் கம்பியில் ஃபியூஸும், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும்.

கண்காட்சி அட்டையில் எரிந்த நான்கு மாஸ்ஃபெட்களையும் மாணவி வரிசையாக ஒட்டினாள். கீழே 'சார் செய்த பிழை' என்று எழுதலாமா என்று கேட்டாள். எழுதச் சொன்னேன்.