மேடுபள்ளச் சுவருக்கு மேற்பூச்சு

தோட்ட லயத்து வீட்டை விட்டு, உழைத்துச் சேர்த்த பணத்தில் சொந்த வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். அவர்களைக் காணச் செல்லும்போது, முன்கூடத்துச் சுவரில் சொரசொரப்பான பூச்சு ஒன்றைப் பார்க்கிறோம். சில வீடுகளில் அது மணல் தூவியதுபோல் இருக்கிறது. சில வீடுகளில் சீப்பால் வாரியதுபோல் வரி வரியாக ஓடுகிறது. சீலிங் என்று நாம் சொல்லும் உட்கூரையிலும் சிலர் அதையே பூசி வைத்திருக்கின்றனர். பார்வைக்கு அழகுதான். ஆயினும், அழகுக்காக மட்டும் பிறந்ததன்று இப்பூச்சு. சுவரின் குறையை மறைப்பதே அதன் முதல் வேலை. எந்தக் குறையை மறைக்கலாம், எதை மறைக்கலாகாது என்பதை அறியாமல் பூசியவர்கள், ஓராண்டுக்குள் பணத்தையும் இழந்து சுவரையும் கெடுத்துக்கொண்டதை நாம் கண்டிருக்கிறோம்.

கோலாலம்பூர்ச் சுவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அவ்வூரை அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்பும் பலகையுமாய் இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்டுமாறு, 1882-இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்கான செங்கற்களைச் சுட்ட சூளைகள் பெருகிய நிலமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. அக்காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டி, சுண்ணாம்பாலேயே பூசப்பட்டவை. மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சும்; வெயில் வந்தால் அதை வெளியே விட்டுவிடும். பிற்காலத்து அடுக்கு வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் சிமெண்டுச் சாந்து வந்தது. இச்சுவர்களின் மேடுபள்ளத்திற்குக் காரணம் முதுமையன்று. அவசர வேலையும், மின்கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வெட்டிப் பின் அடைத்த தழும்புகளுமே காரணம்.

இரவில் ஒரு கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பகலில் சமமாய்த் தெரிந்த சுவர் அப்போது மலையும் மடுவுமாகக் காட்சியளிக்கும். பக்கவாட்டில் விழும் ஒளி ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழலைத் தருவதே இதற்குக் காரணம். வழவழப்பான பளபளக்கும் சாயம் இக்குறையைப் பெரிதாக்கிக் காட்டும். சொரசொரப்பான பூச்சோ ஆயிரம் சிறு நிழல்களை உண்டாக்கி, பெரிய நிழலை அவற்றுள் கரைத்துவிடுகிறது. சுவர் நேராகிவிடவில்லை, கண்தான் வேறு வேலையில் ஈடுபடுத்தப்படுகிறது.

இதற்கும் ஓர் அளவு உண்டு. ஆறடி நீளமுள்ள நேரான மட்டக்கோலைச் சுவரில் வைத்து, இடையே தெரியும் சந்தை அளக்க வேண்டும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் வரை இப்பூச்சு மறைக்கும். அதற்கு மேற்பட்ட பள்ளத்தைச் சாந்தால் நிரப்பிய பிறகே பூச வேண்டும். புதிய சிமெண்டுச் சாந்தானால் 28 நாள் ஆற விடுவது வழக்கம். இல்லையேல் அதிலுள்ள காரம் சாயத்தைத் தின்றுவிடும்.

இனி, வாளியில் இருப்பது என்ன என்று காண்போம். கல்மாவு, நுண்மணல், நிறப்பொடி, நீர், இவற்றைப் பிணைக்கும் பசை ஆகியவையே பெரும்பாலும் அதிலுள்ளன. இந்தப் பசை நமக்கு அந்நியமானதன்று. நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்கள், நீர் வற்றியதும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோலாக மாறுகின்றன. சீவிய மரத்தின் வெட்டில் கசிந்து நின்ற பால், மறுநாள் காலையில் இழுத்தால் வரும் இழையாக உலர்ந்திருப்பதை நாள்தோறும் காணும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அமெரிக்காவில் இத்தகைய சாயத்தை ‘லேட்டெக்ஸ்’ சாயம் என்றே சொல்கின்றனர். பெயரைக் கேட்டு, நம் மரத்துப் பால்தான் சுவரேறுகிறது என மகிழ வேண்டாம். அது எண்ணெயிலிருந்து இரசாயன முறையில் செய்யப்படும் பசை. ஆனால், மங்கில் மழைநீர் கலந்த பால் எவ்வாறு கெடுமோ, அவ்வாறே ஈரச்சுவரில் பூசிய பூச்சும் கெடும்.

ஈரமே இவ்வேலையின் முதற்பகை. 2021 டிசம்பர் 18-ஆம் நாளை ஒட்டிப் பெய்த பெருமழையில், ஷா ஆலத்திலுள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளுக்குள் ஆளுயரத்துக்குத் தண்ணீர் புகுந்தது. இத்தகைய வெள்ளம் வடிந்தபின் சேறு படிந்த சுவரைக் காணச் சகியாமல், உடனே கனமான பூச்சைப் பூசி மறைக்கவே யாருக்கும் தோன்றும். அதுதான் தவறு. செங்கல்லுக்குள் ஏறிய நீர் வெளியேற வாரக் கணக்கிலும், சில வேளை மாதக் கணக்கிலும் ஆகும். பூச்சு அதன் வழியை அடைத்துவிட்டால், நீர் உள்ளேயே நிற்கும். நீரில் கரைந்திருக்கும் உப்பு பூச்சின் அடியில் பூத்துப் பூத்து, அதனை உட்புறமிருந்தே தள்ளிவிடும். கொப்புளம் கிளம்பும், பின்பு அப்பளம்போல் உடைந்து விழும். பிரிக்பீல்ட்ஸ் போன்ற பழைய பகுதிகளின் சுண்ணாம்புச் சுவருக்கு இது இன்னும் கேடு. வெளியேற வழியற்ற ஈரம் சுவரில் மேலும் உயரே ஏறத் தொடங்கும். அச்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தும் வெள்ளையடிப்புமே ஏற்றவை. நாகரிகப் பூச்சு வேண்டாம் என்பதே நமது கருத்து.

ஈரத்தைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரை நோக்கிய பக்கம், நீர் முத்து அரும்பியிருந்தால் சுவருக்குள் ஈரம் உண்டு. அது கூரை ஒழுக்கா, குளியலறைக் குழாயா, தரையிலிருந்து ஏறுவதா என்று கண்டு நிறுத்தும்வரை பூச்சு வாளியைத் திறக்கக் கூடாது. அடுத்து, விரல் முட்டியால் சுவரைத் தட்ட வேண்டும். ‘பொக்’கென்று ஓசை வரும் இடத்தில் சாந்து செங்கல்லை விட்டுவிட்டது, அதைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். கையால் தேய்த்தால் மாவு ஒட்டுமானால், சுரண்டித் துடைத்து, அடிப்பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும்.

புதுவீடு வாங்கியோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீடமைப்பாளரிடம் நேரே வாங்கிய வீட்டில், சாவி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைபாட்டை அவரே திருத்தித் தர வேண்டுமென்று சட்டப்படியான விற்பனை ஒப்பந்தம் கூறுகிறது. ஆகவே வெடிப்போ ஈரமோ கண்டால், முதலில் படம் எடுத்து, எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். இதனைச் செய்யாமல், பக்கத்து வீட்டார் பூசினார் என்று நாமும் பூசிவிட்டால், குறைக்கான சான்றை நம் கையாலேயே மூடியவர்களாவோம். புகாருக்குச் செவிசாய்க்காவிடில், 2002-இல் ஏற்படுத்தப்பட்ட வீடு வாங்குவோர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கே வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம்.

பூசும் வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் உருளையாலோ கரணையாலோ பூச்சை ஒரே கனமாகப் பரப்பிச் செல்ல, மற்றவர் அது உலருமுன் பின்தொடர்ந்து தூரிகையாலோ பஞ்சாலோ சீப்பாலோ கோலம் இட வேண்டும். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலைவரை முடித்துவிட வேண்டும். நடுவில் தேநீர் அருந்தப் போனால், திரும்பி வந்து சேர்த்த இடம் தழும்பாகத் தெரியும். ஓர் ஆளின் கைவரிசை மற்றவருக்கு வராது. ஆதலால், கோலமிடுபவரை நடுவில் மாற்றலாகாது. முதலில் பழைய பலகை ஒன்றில் பழகிப் பார்ப்பது நல்லது. பத்தடிக்குப் பத்தடி அறையில், ஒன்பதடி உயரச் சுவர்கள் நான்கும் சேர்ந்து 360 சதுர அடி. கதவும் சன்னலும் போக 30 சதுர மீட்டர் எனக் கொள்ளலாம். சதுர மீட்டருக்கு 1 முதல் 1½ கிலோ வரை செல்லுமாதலால், 30 முதல் 45 கிலோ வரை தேவைப்படும். குத்தகைக்காரர் சொல்லும் அளவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூலி முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டாம்.

உட்கூரைக்கு வந்தால், எச்சரிக்கை இரு மடங்காக வேண்டும். பழைய வீடுகள் பலவற்றின் உட்கூரைத் தகடுகளில் சிமெண்டோடு கல்நார் கலந்திருக்கும். பிரிட்டனில் 1980-களின் நடுப்பகுதிவரை சொரசொரப்பான பூச்சிலேயே கல்நார் சேர்க்கப்பட்டது. பின்னர் 1999-இல் அங்கு கல்நார் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. நம் நாட்டிலும் 1986-இல் கல்நார் வேலைகளுக்கெனத் தனி விதிமுறைகள் வந்தன. அதன் இழை கண்ணுக்குத் தெரியாது; மூச்சோடு நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக் கூடியது. எனவே, எப்போது போட்டது என்று தெரியாத பழைய உட்கூரையை உப்புத்தாளால் தேய்க்கவோ, சுரண்டவோ, துளையிடவோ கூடாது. உடையாமல் இருந்தால் சாயம் மட்டும் பூசி அப்படியே விட்டுவிடலாம். உடைந்ததை எடுக்க, அவ்வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும்; வீட்டுக்காரரே சுத்தியலோடு ஏணியில் ஏறுவது குடும்பத்தையே தூசியில் நிறுத்துவதாகும்.

தகடுகள் சேரும் இடத்தில் வலைநாடா ஒட்டாமல் பூசினால், தகடு அசைந்ததும் கோடு விழும். சமையலறைக்கும் சாமி அறைக்கும் சொரசொரப்பான பூச்சு ஆகாது. தாளிப்பின் எண்ணெயும் சூடப்புகையும் ஒவ்வொரு குழியிலும் படிந்து கருக்கும்; துடைத்தால் துணிதான் கிழியும். அங்கே கழுவக்கூடிய வழவழப்பான சாயமே சரி. மற்ற அறைகளுக்குப் பூசி மீந்ததில் ஒரு கிலோவை மூடி இறுக்கி, சாய எண்ணையும் வாங்கிய தேதியையும் மூடிமேல் எழுதி, நிழலில் வையுங்கள். நாற்காலி முதுகு இடித்துப் பெயர்ந்த இடத்திற்கு அதே நிறத்தைக் கடையில் தேடி அலைய வேண்டியிராது.