பழைய சிறு காரும் புதிய மாற்றங்களும்

நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்துக்கும் கார் எட்டும் பொருளாயிற்று என்றால், அதற்கு முதற்காரணம் மாருதி 800 என்ற சிறு வண்டியே எனலாம். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், அந்நாளைய பிரதமர் இந்திரா காந்தி அதன் முதல் வண்டியின் சாவியை வாடிக்கையாளர் ஒருவரிடம் அளித்தார். 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அவற்றுள் பல இன்னும் ஓடுகின்றன. மாதுங்காவிலும் செம்பூரிலும், கரோல்பாகிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் வீடுகளில், வேலைக்கும் பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் நாள்தோறும் சென்றுவரும் பழைய சிறு வண்டிகளும் இருக்கின்றன.

இத்தகைய வண்டியை வைத்திருப்போர்க்கு அதில் ஏதேனும் மாற்றம் செய்து பார்க்கவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அகலமான டயர், பிரகாசமான விளக்கு, முழங்கும் புகைக்குழல், பாட்டுப்பெட்டி, எரிவாயுச் சாதனம் என்று கடைவீதியில் கிடைக்காத பொருளில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது, எதை முதலில் செய்யவேண்டும் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். மோட்டார் வண்டி என்பது ஒன்றோடொன்று கணக்கிட்டு இணைத்த உறுப்புகளின் தொகுதி. மாருதி 800-இன் இயந்திரம் மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 37 குதிரைச்சக்தி. வண்டியின் எடையோ சுமார் 650 கிலோகிராம். இந்த ஆற்றலுக்கும் எடைக்கும் ஏற்றவாறே அதன் சக்கரம், பிரேக், வில்சுருள், மின்கம்பி ஆகிய யாவும் அமைந்தன. ஓர் உறுப்பை மாற்றினால் அதன் சுமை வேறோர் உறுப்பின் தலையில் விழும். மாற்றம் செய்யுமுன், ‘இந்தச் சுமையை இனி எது தாங்கும்?’ என்று கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

டயரை உதாரணமாகக் கொள்வோம். இந்த வண்டிக்குரிய டயரின் அளவு 145/70 ஆர் 12 என்பது. அதாவது அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு. உள்வளையத்தின் விட்டம் 12 அங்குலம். கணக்கிட்டால் சக்கரத்தின் முழு விட்டம் ஏறத்தாழ 508 மில்லிமீட்டர் ஆகும். பலர் விரும்பிப் பூட்டும் 155/65 ஆர் 13 என்ற டயரின் விட்டம் ஏறத்தாழ 532 மில்லிமீட்டர். வேறுபாடு ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இது அற்பமாகத் தோன்றலாம். ஆயின், வேகமானியின் முள் 60-ஐக் காட்டும்போது வண்டி உண்மையில் 63 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மேட்டில் ஏறும்போது இயந்திரம் முன்னிலும் அதிகமாக முக்கும். முழுதும் திருப்பினால் டயர் உட்புறத் தகட்டில் உராயவும் கூடும். சக்கரம் பெரிதாகப் பெரிதாக, அதை நிறுத்தப் பிரேக்கும் கூடுதலாக உழைக்கவேண்டும். தோற்றத்திற்காகச் செய்த மாற்றம் நான்கு இடங்களில் சுமையேற்றிவிடுகிறது. எனவே உரிய அளவிலேயே நல்ல புதிய டயர் வாங்குவது உத்தமம். ரப்பர் நாட்பட இறுகி வெடிக்கும் இயல்புடையது. பள்ளம் தேயாதிருந்தாலும் பழைய டயர் நம்பத்தக்கதன்று. அது தயாரான வாரமும் ஆண்டும் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்று பொருள்.

அடுத்தது பிரேக். வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. 40 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள ஆற்றலைவிட 60-இல் இரண்டேகால் மடங்கு ஆற்றல் இருக்கிறது. அவ்வளவையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். இயந்திரத்தின் வேகத்தை உயர்த்த விரும்புவோர் இதை மறந்துவிடுகின்றனர். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை அழுந்தும், வண்டியோ நில்லாது. கண்டாலா மலைப்பாதை போன்ற நீண்ட இறக்கங்களில் இந்த அபாயம் அதிகம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவதும், வெடிப்புவிட்ட ரப்பர்க் குழாய்களைப் புதுப்பிப்பதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குவதும் அதிகச் செலவில்லாத காரியங்கள். பழைய காரில் செய்யத்தக்க முதல் ‘மாற்றம்’ இதுவே.

மூன்றாவது விளக்கு. தில்லியிலும் கான்பூரிலும் மார்கழி, தை மாதங்களில் மூடுபனி கவிவதை அங்கு வாழும் நேயர்கள் அறிவர். பழைய காரின் விளக்கு மங்கலாயிருக்கிறது என்று கருதிச் சிலர் 100 வாட் பல்பைப் பொருத்துகின்றனர். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும்; 100 வாட் பல்போ எட்டுக்கும் மேல் இழுக்கும். இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் சென்ற பழங்கம்பியில் 16-க்கு மேல் சென்றால், கம்பி சூடேறும், சுவிட்சு உருகும், தீயும் பிடிக்கலாம். இத்தகைய பல்பு சாலை உபயோகத்துக்கான வரையறையையும் மீறுவது.

உண்மையில் பல வண்டிகளில் குறை பல்பில் இல்லை; வழியில் இருக்கிறது. துருவேறிய இணைப்புகளினாலும் மெல்லிய கம்பியினாலும் பல்பை அடையும் மின்னழுத்தம் குறைந்துவிடுகிறது. அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால், பழைய முறை இழைப்பல்பின் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும். எனவே மின்கலத்திலிருந்து தடித்த கம்பியை நேரே இழுத்து, ‘ரிலே’ என்னும் இடைச்சுவிட்சையும் ஃபியூசையும் அமைத்தால், உரிய 60/55 வாட் பல்பே நன்கு ஒளிரும். மஞ்சளித்த கண்ணாடியையும் கறுத்த பிரதிபலிப்பானையும் மாற்றினால் இன்னும் நன்று. இழைப்பல்புக்கென அமைந்த கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறி, எதிரே வருவோர் கண்ணைப் பறிக்கும். நமக்கு வழி தெரிந்தால் போதாது. எதிரே வருபவருக்கும் தெரியவேண்டும்.

எரிபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. பழைய கார்கள் இக்கலவையை எண்ணி அமைக்கப்பட்டவையல்ல. எத்தனால் சிலவகை ரப்பரை ஊறவைத்து நெகிழ்த்தும், ஈரத்தை ஈர்க்கும், நாளடைவில் துருவுக்கும் வழிகோலும். இயந்திரத்தின் வெப்பத்துக்கு அருகே பெட்ரோல் கசிவது எவ்வளவு விபரீதம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எரிபொருட் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிக்கொள்வது இன்று மிகவும் அவசியமான மாற்றம். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஓடும் தூரம் சற்றுக் குறைவது இயற்கையே. அதற்காகக் கார்புரேட்டரைக் கண்டபடி திருகவேண்டியதில்லை.

செலவைக் குறைக்கச் சிலர் இயற்கை எரிவாயுச் சாதனம் பொருத்துகின்றனர். இதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆயின், அவ்வண்டிக்கென அங்கீகாரம் பெற்ற சாதனமாக இருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற பட்டறையில் பொருத்தவேண்டும். பதிவுச் சான்றிதழில் பதியவேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்கவேண்டும். உருளையை மூன்றாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். எஃகு உருளை ஏறத்தாழ ஓர் ஆளின் எடை இருக்கும். பின்னிருக்கையில் எப்போதும் கூடுதலாக ஒருவர் அமர்ந்திருப்பதாகவே வண்டி உணரும். பின் வில்சுருளும் அதிர்வுதாங்கியும் தளர்ந்திருந்தால், அவற்றை முதலில் புதுப்பித்தல் வேண்டும்.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரித்தவர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. முன்புறம் பூட்டும் இரும்புத் தடுப்புக் கம்பிகளை மத்திய அரசு 2017-இல் தடுத்தது. மோதும்போது நடந்து செல்வோரை அவை கொடிதாகக் காயப்படுத்தும். முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விடவேண்டும். நிறத்தை மாற்றினால் அதையும் சான்றிதழில் பதிந்துகொள்ள வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்த விதிகள் இருமடங்கு முக்கியமானவை. தமிழ்நாட்டில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால், 47-ஆம் பிரிவின்படி அங்கே புதிய எண் பெறவேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. புதிய மாநிலத்தின் வரியும் கட்டவேண்டும். அப்போது அதிகாரி வண்டியை நேரில் பார்ப்பார். சட்டக எண்ணையும் இயந்திர எண்ணையும் சான்றிதழோடு ஒப்பிடுவார். யாரோ மலிவாகப் பொருத்தித் தந்த வேறு இயந்திரம் உள்ளே இருந்தால், வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். சொந்த ஊரில் நாலு பேரைக் கேட்டுச் சரிசெய்யலாம். மொழியும் முகமும் புதிதான ஊரில் அந்த வசதி இல்லை. பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப்பின் புதுப்பிக்கவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். தில்லி வட்டாரத்தில் நிலைமை வேறு. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025-இல் அந்நீதிமன்றமே மீண்டும் அதை ஆராய்ந்து புதிய உத்தரவுகள் பிறப்பித்தது. அங்கு வாழ்வோர் ஒரு ரூபாய் செலவிடுமுன் அன்றைய விதியைக் கேட்டறிவது நலம்.

வடநாட்டுப் பட்டறைகளில் ‘ஜுகாட்’ என்றொரு சொல் அடிக்கடி காதில் விழும். கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றுதல் என்று நாம் சொல்கிறோமே, அதுதான். அது கைத்திறனுக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிரேக்கிலும், ஸ்டியரிங்கிலும், எரிபொருட் குழாயிலும் ஒப்பேற்றலுக்கு இடமில்லை. தாழ்வாகத் தெரியட்டும் என்று வில்சுருளை வெட்டுவதும் அத்தகையதே. வெட்டிய சுருள் விறைக்கும். வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கும். சக்கரம் சாலையைப் பற்றாது துள்ளும். பட்டறையில் வேலை கொடுக்கும்போது, மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள், ரசீதையும் வாங்குங்கள். மொழி சரளமாக வராவிடினும் இவ்விரண்டையும் கேட்கத் தயங்கவேண்டாம்.

அப்படியானால் மனத்துக்கு இசைந்த அலங்காரம் எதுவுமே கூடாதா என்று கேட்கலாம். கூடும். நல்ல இருக்கை உறை, ஃபியூசுடன் முறையாக இணைத்த வானொலிப் பெட்டி, மழைக்காலத்துக்குமுன் அடித்தகட்டில் பூசும் துருக்காப்பு ஆகியவை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. கடற்காற்றும் பெருமழையும் உள்ள மும்பை போன்ற ஊர்களில் துருக்காப்பு அலங்காரமன்று, அவசியமே. உதிர்ந்த தளத்தில் இருக்கைப் பட்டையும் உறுதியாக நில்லாது.

செலவின் வரிசை இதுதான்: முதலில் வண்டி நிற்கவேண்டும், பிறகு சாலையைப் பற்றவேண்டும், பிறகு காணவும் காணப்படவும் வேண்டும், பின்னரே அழகு. பொங்கலுக்குப் புணேயிலிருந்து சென்னைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குடும்பத்தோடு புறப்படுவோர் இந்த வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு புறப்படட்டும். இந்த வண்டியில் காற்றுப்பை முதலிய இக்காலப் பாதுகாப்புகள் இல்லை. அதன் எல்லையை உணர்ந்து நிதானமாக ஓட்டுபவர்க்கு, வயதான அந்தச் சிறு கார் இன்னும் சில காலம் உண்மையாகவே உழைக்கும்.