குழந்தை வீடு திரும்பிய பிறகு

நாகர்கோவிலில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா சமயத்தில் கம்போளச் சந்தையில் இருந்து கோயில் வாசல்வரை நடந்தவர்களுக்குத் தெரியும், ஒலிபெருக்கியில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே ஓர் அறிவிப்பு தவறாமல் வரும். மஞ்சள் சட்டை போட்ட நாலு வயதுப் பையன், பேர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் உடனே வரவும். கொஞ்ச நேரத்தில் ஒரு தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வருவாள். பிள்ளைக்கு முதுகில் ஒன்று வைத்துவிட்டு அணைத்துக்கொள்வாள். சுற்றி நிற்கிறவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

நம் சினிமாவும் நெடுநாளாக இந்த நிம்மதியைத்தான் விற்றுவந்தது. குழந்தையைக் கடத்துகிறவன் எங்கிருந்தோ வந்தவனாக இருப்பான். அப்பா தேடுவார், சண்டை நடக்கும், குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளும், தியேட்டரில் விளக்கு போடுவார்கள். அந்தக் குழந்தை அன்று இரவு எப்படித் தூங்கியது என்று யாரும் கேட்டதில்லை.

கேட்ட படம் 'சித்தா'. 2023 செப்டம்பர் 28 அன்று வெளியானது. 'பண்ணையாரும் பத்மினியும்', 'சேதுபதி' எடுத்த எஸ்.யு.அருண்குமார் எழுதி இயக்க, சித்தார்த் நடித்து, தன் சொந்த நிறுவனத்தின் மூலம் தயாரித்தார். கதை நடப்பது பழனியில். அண்ணன் இறந்தபின் அண்ணிக்கும் அண்ணன் மகளுக்கும் துணையாக நிற்கிற ஈஸ்வரன் நகராட்சி ஊழியன். அண்ணன் மகள் சுந்தரிதான் அவனுக்கு எல்லாம்.  பள்ளிக்குப் பைக்கில் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் அவன்தான். படத்தின் முதல் அரைமணி நேரம் முழுக்க இந்தப் பாசம்தான். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

பிறகு சுந்தரியோடு படிக்கிற பொன்னி பேச்சை நிறுத்துகிறாள். ஈஸ்வரனின் நண்பனுடைய அக்கா மகள் அவள். அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது, என்னவென்று அவள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் இடைவெளியில் பழி ஈஸ்வரன்மேல் விழுகிறது. நேற்றுவரை தோளில் கைபோட்டுத் திரிந்த நண்பன் அடிக்க வருகிறான். அதைவிட வலிக்கிற இடம் வீட்டுக்குள் இருக்கிறது. தான் தூக்கி வளர்த்த பிள்ளையைத் தொடவே ஈஸ்வரன் தயங்கவேண்டிய நிலை வருகிறது. இந்த ரணம் ஆறுவதற்குள் சுந்தரியைக் காணவில்லை.

இந்த இடத்தில் படம் சாதாரணத் துப்பறியும் கதையாகச் சறுக்கியிருக்கலாம். கொஞ்சம் சறுக்கவும் செய்கிறது. தேடல் காட்சிகளில் வரும் பதற்றம் நாம் பல படங்களில் பார்த்ததுதான். நான் இந்தப் படத்தை மதிப்பது தேடலுக்காக அல்ல, குழந்தை கிடைத்தபின் படம் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்காக. செய்தவனைக் கொல்லவேண்டும் என்று ஈஸ்வரன் அலைகிறான். தியேட்டரில் இருக்கிறவர்களுக்கும் அதே வெறிதான். அந்த வெறியைத் தடுத்து நிறுத்துவது சக்தி. நிமிஷா சஜயன் நடித்த அந்தப் பெண் தூய்மைப் பணியாளர். சிறுவயதில் அவளுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, அதுவும் நெருங்கியவன் கையால். பழிவாங்குவது யாருடைய மனக்காயத்துக்கு மருந்து, குழந்தைக்கா உனக்கா என்ற கேள்வியை வைக்கும் தகுதி அவள் ஒருத்திக்குத்தான் இருக்கிறது. ஆண் கோபப்பட்டு அரிவாள் எடுப்பதையே நீதி என்று பழகிய தமிழ்ப்படத்தில், படுக்கையில் கிடக்கிற பிள்ளை பக்கத்தில் போய் உட்காரு என்று ஒருத்தி சொல்வது சின்ன விஷயமல்ல.

இதற்கு முன்னோடி உண்டு. 1994இல் வந்த 'மகாநதி'யில் கடத்தப்பட்டுக் கொல்கத்தாவில் விற்கப்பட்ட மகளைத் தகப்பன் மீட்டுக் கொண்டுவருகிறான். வந்தபின் ஒருநாள் அவள் தூக்கத்தில் பேசுகிறாள். அந்தப் பேச்சைக் கேட்டு கமல்ஹாசன் உடைந்து நொறுங்குகிற காட்சியை முப்பது ஆண்டுகளாகியும் மறக்க முடியாதவர்கள் ஏராளம். 2022இல் கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய 'கார்கி' இன்னொரு கதவைத் திறந்தது. குற்றம் சாட்டப்பட்ட அப்பாவுக்காகப் போராடும் மகள், கடைசியில் உண்மையைத் தன் வீட்டுக்குள்ளேயே கண்டெடுக்கிறாள். சாய் பல்லவி அந்தக் கணத்தில் கத்துவதில்லை. அந்தப் படம் பார்த்துவிட்டு வந்த பெண்கள் பலர் வெகுநேரம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படங்கள் சொல்வது கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000க்கும் அதிகமான குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 2007இல் வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலைச் சந்தித்திருந்தார்கள். பெரும்பாலானோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கடுமையான பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளில் குற்றவாளி குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவன் என்பது 100இல் 90க்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. பக்கத்து வீட்டுக்காரன், உறவுக்காரன், டியூஷன் வாத்தியார். முகம் தெரியாதவனைக் காட்டிக் குழந்தைகளைப் பயமுறுத்தி வளர்த்த நாம், முகம் தெரிந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஏன் சொல்வதில்லை? நாஞ்சில் நாட்டு வீடுகளில் வளர்ந்த யாருக்கும் பதில் தெரியும். "மக்கா, வெளிய சொல்லிராத, நாலு பேருக்குத் தெரிஞ்சா குடும்பத்துக்கு மானக்கேடு." கல்யாணம் ஆகவேண்டிய அக்கா இருப்பாள். கடன் கொடுத்த மாமா இருப்பார். எல்லாருடைய மானத்தையும் காக்கிற பொறுப்பு எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வந்து இறங்கும்.

வீட்டு அநியாயத்தை ஊரறியச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிது என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கவிமணியை நினைவூட்டவேண்டும். 1876இல் தேரூரில் பிறந்து, கோட்டாறு தொடக்கப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த தேசிகவிநாயகம் பிள்ளை எழுதியதுதான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. குடும்பத் தலைவரான காரணவரின் சொத்து அவருடைய சகோதரி மகனான மருமகனுக்குப் போக, பெற்ற பிள்ளைகளும் கட்டிய மனைவியும் நடுத்தெருவில் நின்ற கொடுமையை அந்த நூல் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி அழவைத்தது. கதையைச் சொல்கிறவள் ஒருவனுக்கு ஐந்தாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். அடுக்களையில் புழுங்கிய பேச்சைக் கவிமணி அவள் வாயாலேயே தெருவுக்குக் கொண்டுவந்தார். குடும்ப விஷயத்தை வெளியே எழுதலாமா என்று அன்றும் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது, மக்கள்வழி உரிமை கிடைத்தது. ஒருத்தி வாய்திறந்தால் சட்டம் வரை போகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

நிஜத்தில் குழந்தைகள் காணாமல்போவதற்கும் கோட்டாறுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, காரணம் ரயில். நாகர்கோவில் சந்திப்பு இருப்பது கோட்டாறில்தான். திருவனந்தபுரம் பக்கமிருந்தும் திருநெல்வேலி பக்கமிருந்தும் வருகிற பாதைகள் இங்கே சேர்கின்றன. 2023 ஜூலையில், 'சித்தா' வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்னால், நாகர்கோவிலின் வடசேரி பேருந்து நிலையத்தில் பெற்றோருடன் தூங்கிக்கொண்டிருந்த நான்கு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிப் போனார்கள். காவல்துறை கேரளத்தில் சிறயின்கீழ் வரை போய் மீட்டது. பிச்சையெடுப்பதற்காகத்தான் தூக்கினார்கள் என்றது விசாரணை. நாகர்கோவிலில் வசிக்கும் ஜெயமோகன் 'ஏழாம் உலகம்' நாவலில் காட்டிய உலகம் அது. பாலா அதை எடுத்துக்கொண்டு 2009இல் 'நான் கடவுள்' செய்தபோது, இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்டவர்கள் உண்டு.

வடசேரிச் சம்பவத்துக்கு அடுத்த வருடம் நடந்தது வேறு மாதிரி. 2024 ஆகஸ்டில் கேரளத்தின் கழக்கூட்டத்தில் தாய் திட்டியதற்காக 13 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பி, கன்னியாகுமரி ரயிலில் ஏறிவிட்டாள். பிழைப்புக்காக வடகிழக்கில் இருந்து வந்த குடும்பம். எதிர் இருக்கையில் இருந்த ஒரு மாணவிக்கு மனம் கேட்கவில்லை, அழுதுகொண்டிருந்தவளை ஒரு படம் எடுத்து வைத்தார். அந்தப் படம்தான் துப்பு. நாகர்கோவில் நிலையத்தின் கேமராவில், அவள் பிளாட்பாரத்தில் இறங்கி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மறுபடி அதே ரயிலில் ஏறுவது பதிவாகியிருந்தது. அந்த நேரம் அந்தப் பிளாட்பாரத்தில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! தனியாக வந்து தண்ணீர் பிடிக்கிற பிள்ளையிடம் "எங்க போற மோளே" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். ரயில் மாறிப் போய்விட்ட அவளைக் கடைசியில் விசாகப்பட்டினத்தில், ரயிலில் ஏறித் தேடிய அங்குள்ள மலையாளிகள் சங்கத்தினர் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. கேரளத்துக்குக் கூட்டிவந்த சிறுமியை நேரே பெற்றோர் கையில் ஒப்படைத்து, போட்டோ எடுத்து, கதையை முடிக்கவில்லை. குழந்தைகள் நலக் குழு தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அவளோடு பேசி, மன ஆலோசனை கொடுத்தது. உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டார்கள். 'சித்தா'வில் சக்தி கேட்கச் சொன்னதும் இதைத்தான். எல்லா வீட்டிலும், எல்லா ஊரிலும் இது நடப்பதில்லை. நடக்கவேண்டும்.

சட்டம் நம்மைவிட முன்னே போய் நிற்கிறது. காணாமல்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும், கடத்தல் என்றே முதலில் எடுத்துக்கொண்டு வழக்குப் பதியவேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. "ஒருநாள் பொறுத்துப் பாருங்க, தானா வந்துருவா" என்று காவல் நிலையத்தில் யாரும் திருப்பி அனுப்ப முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கக் காவல்துறை சீருடையில் வரக்கூடாது. குழந்தையின் வீட்டிலோ, குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ வாங்கவேண்டும். முடிந்தவரை பெண் அதிகாரி. இரவில் நிலையத்தில் உட்கார வைக்கக்கூடாது. குழந்தையின் பெயரோ முகமோ வெளியே வரக்கூடாது. மானம் போய்விடும் என்று அஞ்சுகிற பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது இந்தக் கடைசி விதியை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்கு இப்படி நடந்திருப்பது தெரிந்த எவரும், தாயோ தாத்தாவோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, காவல்துறையிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. சொல்லாமல் இருந்த குழந்தைக்கு அந்தத் தண்டனை கிடையாது என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம்.